செருப்பை எண்ணிக் கிளம்பிய படகு

அனுப்புநர்:
குழந்தைகள் காப்பகம் நடத்தும் பெண்மணி,
(சென்ற மாதம் கடலில் விடுபட்ட பயணி)

பெறுநர்:
உயர்திரு துறைமுக அலுவலர் அவர்கள்,
தீவுப் படகுத்துறை.

பொருள்: ஸ்கூபா படகுகளில் ஆட்களை எண்ணாமல் செருப்புகளை எண்ணும் வழக்கத்தை நிறுத்தக் கோருவது தொடர்பாக.

பார்வை: எனது முதல் புகாருக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்க்காணும் விவரங்களைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1. சென்ற மாதம் நானும் என் கணவரும் ஸ்கூபா பயிற்சிக்காகத் தங்கள் தீவுக்கு வந்தோம். ஆசை என்னுடையது. அவர் துணைக்கு வந்தவர். குளிக்கும் வாளியைத் தாண்டி அவருக்குத் தண்ணீரோடு உறவு கிடையாது.

2. படகில் ஏறியதும் எல்லோரும் செருப்பைக் கழற்றி ஒரு நீலப் பெட்டியில் போட வேண்டும். கடலிலிருந்து ஏறி வருபவர் தம் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்வார். பெட்டி காலியானால் எல்லோரும் வந்துவிட்டதாகக் கணக்கு. இந்தக் கணக்கை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. புதுச் செருப்பு நனைய வேண்டாமே என்று என்னுடையதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி என் பைக்குள் வைத்துவிட்டேன்.

3. கடலுக்கடியில் கண்டவற்றைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவ்வளவு அழகை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. மேலே வந்து படகின் ஏணியில் ஏறக் காத்திருந்தபோது கீழே ஓர் ஆமை போனது. முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி அதையே பார்த்திருந்தேன். நீரோட்டம் என்னை இழுத்துச் சென்றதை உணரவில்லை. நிமிர்ந்தபோது படகு போய்க்கொண்டிருந்தது. ஆமையைப் பார்த்தது தவறென்றால் ஏற்கிறேன். ஆனால், ஆமை காட்டுகிறோம் என்றுதான் எங்களை அழைத்துச் சென்றார்கள்.

4. காற்றடைத்த சட்டை இருந்ததால் மிதந்தேன். கத்தினேன், எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மிகவும் பயந்தேன், ஐயா. மனம் பதறாமலிருக்கக் காப்பகத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்து எண்ணத் தொடங்கினேன். எல்லோரும் இருந்தார்கள். எந்தக் கணக்கிலும் இல்லாதவள் நான் மட்டும்தான் என்பது அப்போது உறைத்தது.

5. என் கணவர் தலைசுற்றலால் படகில் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்தார். கரை சேர்ந்ததும், நான் முன்னால் போய்விட்டதாக எண்ணி, என் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்கு நடந்திருக்கிறார். வாசலில் பூட்டைக் கண்டு சாவிக்காகப் பையைத் திறந்தவர், அதில் என் செருப்பைப் பார்த்தார். வெறுங்காலோடு நான் வாசற்படியைக்கூடத் தாண்டமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அப்படியே படகுத்துறைக்கு ஓடியிருக்கிறார்.

6. திரும்பி வந்த படகில் அவரும் இருந்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்ததும் குனிந்து செருப்பை என் காலில் மாட்டிவிட்டார். படகோட்டி, "பொட்டி காலியா இருந்துச்சும்மா, எல்லாரும் ஏறிட்டீங்கன்னு நெனச்சிட்டேன்" என்று அழாத குறையாகச் சொன்னார். அவர் நல்ல மனிதர். அவர் வயிற்றில் அடிக்க எனக்கு விருப்பமில்லை. உரிமத்தில் கை வைக்க வேண்டாம்.

7. "மனுதாரர் தமது காலணியை உரிய பெட்டியில் வைக்கத் தவறியதே சம்பவத்திற்குக் காரணம், இனி அனைவரும் தவறாமல் வைக்குமாறு அறிவிப்புப் பலகை வைக்கப்படும்" என்று தங்கள் அலுவலகம் பதில் அனுப்பியுள்ளது. படித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. மாலையில் பெற்றோரிடம் ஒப்படைக்கும்போது நான் பிள்ளைகளைத்தான் எண்ணுகிறேன், அவர்களுடைய சாப்பாட்டுப் பைகளை அல்ல.

8. ஆகவே, கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குரலைக் கேட்ட பிறகே நங்கூரத்தை எடுக்க வேண்டும் என எல்லாப் படகுகளுக்கும் உத்தரவிட வேண்டுகிறேன்.

9. இதில் அவசரம் உண்டு. நான் சொன்ன ஆமைக் கதையைக் கேட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை அதே படகில் போக என் மகள் பணம் கட்டிவிட்டாள். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. பெட்டியில் செருப்பைப் போடு என்றாவது சொல்லி அனுப்பலாமென்றால், கடற்கரைக்குப் போனால் அவள் செருப்பே போடமாட்டாள், ஐயா.

தங்கள் உத்தரவை ஞாயிற்றுக்கிழமைக்குள் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
அவளுடைய தாய்

இடம்: எதிர்க்கரை
நாள்: புதன்கிழமை