இரண்டு பெயரையும் தொட்ட தெரு

அன்புள்ள கைலாஷ் அண்ணாவுக்கு, அம்மா அப்பாவின் ஆசீர்வாதம், மீராவின் நமஸ்காரம். கிழக்கேகோட்டையில் மழை விடவில்லை, நாங்கள் சௌக்கியம். அங்கே பனியில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று அம்மா நம்புகிறாள். அவள் கையில் முறுக்கு மாவு, அதனால் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடக்கூடாத விஷயமாம், அதனால்தான் கடிதம்.

தெருச் சங்கத்துச் செயலாளர் தேர்தலில் அம்மா நின்றாள். மழைக்குத் தெருவோர ஓடை அடைத்து நம் வாசலில் தண்ணீர் நிற்கிறதே, அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. எதிரில் நின்றவர் பல வருஷமாகச் செயலாளராக இருக்கும் வெங்கடசுப்ரமணியன் மாமா. வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைத் தொட்டால் ஓட்டு என்றார்கள். ஆனால் யார் எதைத் தொட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், இரண்டு பெயரையும் தொடவும் முடியும். யார் மனமும் நோகக்கூடாது என்று தெருவே இரண்டையும் தொட்டுவிட்டது. மாமா அம்மாவுக்கும் போட்டிருந்தார், அம்மா மாமாவுக்கும். கடைசியில் இருவரும் சமம், மறுபடி ஓட்டு வைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் பள்ளித் தேர்தலில் லேப்டாப்பையே ஓட்டு மெஷினாக வைப்போம், அதைக் கேட்டு வாங்கி வரட்டுமா என்றேன். பழக்கமில்லாததால்தான் ஜனங்கள் மெஷினுக்குத் தயங்குகிறார்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். நம் தெருவில் அப்படியில்லை அண்ணா. மத்தியானம் சாப்பிட்ட எரிசேரியைக்கூடப் படம் போடுகிறவர்கள், ஓட்டு என்றதும் பக்கத்து வீட்டுக்குத்தான் பயந்தார்கள். மாமாவே என்னைத் தனியாக அழைத்து, "யாருக்குப் போட்டான்னு அப்பறம் எடுத்துப் பாக்க முடியுமோ, கொழந்தே?" என்றார். கூட்டுத்தொகை மட்டும்தான் தெரியும் என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

அம்மாவின் புடவையைத் திரையாகக் கட்டினோம். ஃபோனே இல்லாத சூடாமணி மாமி உள்ளே போய் அழுத்தி, பீப் சத்தம் கேட்டதும், "ஓட்டு விழுந்துடுத்து, அல்லே?" என்று சிரித்தாள். இன்னொரு தடவை அழுத்தட்டுமா என்றும் கேட்டாள், நான் விடவில்லை.

அம்மா கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள். அடைப்பை எடுக்க ஓடையில் இப்போது ஆள் இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் அம்மாவிடம் உனக்குத்தான் போட்டேன் என்கிறார்கள், மாமாவின் மனைவி உட்பட.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் தேய். நீ எந்நாளும் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்கிறாள். கடைசியாக அம்மா எழுதச் சொன்னது இது. முதல் ஓட்டில் இரண்டு பெயரையும் தொட்டவர்களில் நீயும் இருந்தாயாம், அத்தனை தூரத்திலிருந்து. கோபமில்லை. ஆனால் இதோடு அனுப்பும் முறுக்கையும் அதேபோலச் சரிபாதியாக்கி, ஒரு பாதியை அங்கேயே இருக்கும் மாமாவின் பிள்ளை கிரிஷுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற செயலாளர்
(கையெழுத்து மட்டும் மீரா)