மருந்துக்குப் பின் ஒரு மிட்டாய்

மார்ச் 12, இரவு

பிள்ளையின் பல் நலன் கருதி, இன்று முதல் இந்த வீட்டில் மிட்டாய் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றினேன். ஓட்டுப் போட்டது நான் ஒருவன்தான்.

பிள்ளை என்பது என்னிடம் வளரும் தங்கை மகள் தாரணி. எட்டு வயது. பிறவியிலேயே எச்.ஐ.வி. இரவு மருந்து கடும் கசப்பு. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அதனால் விழுங்கியதும் ஒரு மிட்டாய். துணைக்கு நானும் ஒன்று தின்ன வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.

இந்த நோயுள்ள பிள்ளைகளுக்குப் பல்லும் ஈறும் சீக்கிரம் கெடும் என்பதால், எங்கள் ஊர் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பல் டாக்டரிடம் இன்று கூட்டிப் போனேன்.

"பல்லெல்லாம் கிளீனா இருக்குலா," என்றார் டாக்டர்.

"மிட்டாய் தின்னதும் பல்லு வெளக்கிடுவேன் டாக்டர். மாமாதான் அப்படியே தூங்கிடுவாரு."

டாக்டர் என்னை நாற்காலியில் ஏறச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தீர்மானத்தை வாசித்தேன்.

"அப்ப மருந்தும் வேணாம்," என்றாள். "ஒங்க பல்லுக்கு நான் என்னா மாமா பண்றது?"

மருந்து வேளை நெருங்கியது. அவள் வாயைத் திறக்கவில்லை. மிட்டாயை எடுத்துக் கொடுத்தேன். மருந்தை விழுங்கி, மிட்டாயைத் தின்று, பல் விளக்கித் தூங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு பல் பிடுங்குகிறார்கள்.