மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்

அலெக்சாண்டிரியா,
22 ஆகஸ்ட் 1976

அன்புள்ள ஷௌக்கிக்கு,

குவைத் வெயிலில் இறைவன் உங்களுக்கு நிழலாக இருக்கட்டும். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள். நல்ல செய்திதான், ஆனாலும் உட்காருங்கள்.

நடிகை கவ்ஸர் லத்தீஃபின் நாடகக் குழு கோடைக்கு இங்கே வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய டேப் ரெக்கார்டரில் நான் வானொலியிலிருந்து பதிந்து வைத்த அதே நாடகம்தான். சமைக்கும்போதெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு உங்கள் அம்மாவுக்கே அலுத்துவிட்டது. "அந்தப் பொம்பளை குரலைக் கேட்டா வெண்டைக்காய் தானா வெந்துடுமாடி?" என்பார். ஆனால் வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு எனக்கு முன்னே புறப்பட்டு நின்றதும் அவர்தான்.

காட்சிக்கு முன்னால் அத்திப்பழ ஜாம் பாட்டிலோடு ஒப்பனை அறை வாசலில் நின்றேன். கதவு திறந்தது. கண்ணாடி முன்னால் சாட்சாத் கவ்ஸரே உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருஷமாக அவர் ரசிகை நான்; சேர்த்து வைத்த பேச்சு அத்தனையும் மறந்துவிட்டது. "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். "கவ்ஸர் லத்தீஃப்" என்றேன்!

"அப்போ நான் யாரு?" என்றார் அவர். அறையே சிரித்தது. ஜாமைத் தராமலே திரும்பி ஓடி வந்துவிட்டேன். "இஹ்சான்னு நாலு எழுத்தைச் சேர்த்துச் சொல்ல வரலையா உனக்கு?" என்று உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாடகம் தொடங்கியது. இரண்டாம் அங்கத்தில், சொத்தைப் பிடுங்கிக்கொண்ட அண்ணன் வீட்டு வாசலில் கவ்ஸர் வந்து நிற்கிறார். "எதுக்குடி வந்தே?" என்று கேட்கிறான் அண்ணன். கவ்ஸர் பேசவில்லை. முதலில் நடிப்பு என்றுதான் நினைத்தோம். பிறகுதான் அவர் கண் தவிப்பது தெரிந்தது. திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுப்பவர் வெக்கையில் மயங்கி விழுந்திருக்கிறார். பின் வரிசையில் ஒருவன் விசிலடித்தான். நான்கைந்து பேர் கைதட்டிக் கேலி செய்தார்கள்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாம் வரிசையிலிருந்து என் குரல் கேட்டது: "கதவைத் தட்ட வரலே. பூட்டை மாத்த வந்திருக்கேன்!"

கவ்ஸர் என்னைப் பார்த்தார். அந்த வரியை வாங்கி, அரங்கம் அதிரும்படி அண்ணன் முகத்தில் வீசினார். அதன் பிறகு எங்கே தடுமாறினாலும் பார்வை என் பக்கம் வரும்; நான் முதல் சொல்லை மெதுவாகச் சொல்வேன். முடிவில் என்னை மேடைக்கு அழைத்துக் கையைப் பிடித்து உயர்த்தினார். எழுந்து நின்ற கூட்டத்தில் பெரிய சத்தம் உங்கள் அம்மாவுடையதுதான்: "என் மருமக! அது என் மருமக!" முழங்கால் வலியை மறந்து நாற்காலி மேல் ஏறி நின்றார், ஷௌக்கி.

குளிர்காலத்துக்கு அவர்கள் கெய்ரோ திரும்புகிறார்கள். வசனம் எடுத்துக்கொடுக்கும் பெரியவர் ஓய்வு பெறுகிறார். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இந்த முறை வாய் அடைக்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீதிமன்றத் தட்டச்சு வேலைக்கு விலகல் கடிதமும் கொடுத்தாகிவிட்டது. உங்களைக் கேட்டுச் சொல்ல வேண்டாமா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "அவன் குவைத்துக்குப் போறப்ப உன்னைக் கேட்டானா? கிளம்பு, நானும் வரேன்" என்றார். கெய்ரோவில் உங்கள் அக்கா வீட்டில்தான் தங்குவோம். இனி அந்த விலாசத்துக்கு எழுதுங்கள்.

மூன்று வருஷமாக 'அடுத்த கோடையில்' என்றே எழுதுகிறீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இறைவன் உங்கள் கைகால்களைக் காக்கட்டும், வழியைச் சுருக்கட்டும். வரும் நாளில் நேரே அரங்குக்கு வாருங்கள். முதல் வரிசையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தால் திரைக்குப் பின்னால் நான் நிற்பது தெரியும். அன்று ஒருநாள் மேடையில் யார் வசனத்தை மறந்தாலும் மறக்கட்டும்; நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள்,
இஹ்சான்