கடலுக்குள் இறங்கச் சொல்கிறாள்

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். குசினிக் கூரைத் தகடு தளர்வு. வாங்க: ஆணி, பாண், எமிலியின் குளிசை.

அடுத்த வியாழன் எமிலிக்கு ஒப்பரேசன். வயிற்றில் கட்டி. "பயப்பட ஒண்டும் இல்லை" என்றார் டொக்டர். அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

எமி. கேட்டது ஒன்றே ஒன்று. ஒப்பரேசன் தியேட்டருக்குப் போக முதல் ஒரு தரம் என்னோடு சேர்ந்து ஆண்டவரின் அப்பம் எடுக்க வேண்டுமாம். கலியாணம் முடித்து முப்பத்தொரு வருசம், இதுவரை நடக்கவில்லை. நான் கத்தோலிக்கம். அவள் பிறந்தது மெதடிஸ்த, இப்ப ஏழு வருசமாய்க் கடற்கரைச் சபை. என் கோயிலில் அந்த அப்பத்துக்கு நன்மை என்று பேர், அவளுக்குக் கிடையாது. அவள் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவனுக்கு அப்பம் கிடையாது.

வாற ஞாயிறு அவள் சபைப் பாஸ்டர் கடலில் முழுக்குக் கொடுக்கிறார். "நீங்களும் இறங்குங்கோவன். உங்களுக்கென்ன, சுழியோடிதானே" என்றாள். ஒரு மாதிரிச் சிரிப்பு.

ஓம். ஒழுங்கை முழுக்க எனக்குச் சுழியோடி மாமா என்றுதான் பேர். துறைமுகத்தில் கப்பலுக்கு அடியால் போய் வெள்ளைக்காரக் கப்டன் தவறவிட்ட மணிக்கூட்டை எடுத்துக் கொடுத்தவன். எட்டுப் பாகம் ஆழம். பத்து என்றும் சொல்லலாம்.

ஒக். 16, வியாழன்

வெயில். மச்சான் செல்வம் வந்தார், எமி.யின் அண்ணன். அவர் இன்னும் மெதடிஸ்ததான். பிளேன்ரீ.

"ஒரு யேசுவுக்கு இத்தனை கடை ஏன் மச்சான்?" என்றேன்.

"ஒண்டு பூட்டினாலும் மற்றது திறந்திருக்கும்."

"எங்கள் ரெண்டு பேருக்கும் எல்லாம் பூட்டுத்தானே."

"எங்கடை மேசைக்கு வாங்கோ. ஆரையும் மறிக்கமாட்டம். முழுக்கும் தேவையில்லை, தலையில மூண்டு துளி. தடிமனும் வராது."

குசினிக்குள் இருந்து எமி.: "அண்ணா, நீங்கள் தெளிச்சது எப்பவோ காய்ஞ்சு போச்சு. எனக்காக அந்தச் சபையில மூண்டு கிழமையா உபவாசம் இருக்கினம். அவையை விட்டிட்டு வரமாட்டன்."

மச்சானுக்குப் புரைக்கேறிவிட்டது.

வாலிபத்தில் மச்சானின் கோயிலுக்கு அவளோடு போயிருக்கலாம். வீறாப்பு. போகவில்லை.

கடல் ஊருக்குள் வந்த அன்று எல்லாரும் ஒரே கோயில் நிலத்தில்தான் படுத்தோம். எங்கள் பாதர் கஞ்சி அள்ள, பாஸ்டர் கோப்பை நீட்டினார். தலையில் எவ்வளவு தண்ணீர் பட்டது என்று ஆரும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் அவரவர் கூரைக்குள் போய்விட்டோம். பயம் இருக்கும் மட்டும்தான் ஒன்றோ?

(அன்று ஏழு பேரைக் காப்பாற்றினேன். போன வருசம் சொல்லும்போது ஐந்து.)

ஒக். 17, வெள்ளி

பாதரிடம் போனேன். ஞானஸ்நானம் ஒரு தரம்தான், குழந்தையில் பெற்றதே செல்லும், திரும்ப எடுத்தால் முன்னையதைப் பொய் என்று சொன்னது போல என்றார். நல்ல சாட்டு என்று சந்தோசம்.

வாசல் வரை வந்தவர், "உமக்கு எதிலை பயம், வேதத்திலையா தண்ணியிலையா?" என்று கேட்டார்.

"சுவாமி, நான் கப்பலுக்கு அடியால..."

"ஓம் ஓம், மணிக்கூடு."

இந்தக் கொப்பியில் மட்டும் எழுதுகிறேன். தண்ணியில்தான். துறைமுகத்தில் நான் ஸ்டோர் பார்த்தவன். முழங்காலுக்கு மேல் கடல் தொட்டதில்லை. கடல் வந்த அன்று ஸ்டோர்க் கூரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஏழும் இல்லை, ஐந்தும் இல்லை.

ஒக். 18, சனி

கிணற்றடியில் பெரிய பேசினுக்குள் முகத்தை வைத்துப் பழகினேன். நாலு எண்ணும் வரை. இரண்டாம் தரம் மூன்று. ஊருக்குள் திரிகிற மான் ஒன்று வேலியோடு நின்று பார்த்தது. முன்வீட்டில் தீபாவளி வெடி, பேசினைக் கவிழ்த்துவிட்டேன்.

எமி. சாப்பிடவில்லை. நோகுதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். ஆஸ்பத்திரிப் பையில் இரண்டு சட்டை, ஒரு துவாய், வேதப்புத்தகம். அந்தப் பையைப் பார்க்க ஏலாது.

ஒக். 19, ஞாயிறு

காற்றில்லை. கடல் தட்டையாய்க் கிடந்தது. ஊருக்குள் வந்த அன்றும் முதலில் அப்படித்தான் கிடந்தது.

எனக்கு முன்னால் ஆறு பேர். ஒழுங்கைச் சனம் அரைவாசி கரையில். "சுழியோடி மாமா, மணிக்கூடு கண்டால் எடுத்துக்கொண்டு வாங்கோ!" மச்சான் துவாயோடு நின்றார்.

இடுப்பளவில் கால் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பாஸ்டர் கூப்பிடுகிறார், காது அடைப்பு. பின்னால் சளசள என்று சத்தம். எமிலி, சீலையோடு.

"சகோதரி, நீங்கள் ஏற்கெனவே எடுத்தனீங்கள்தானே?"

"நான் முழுக்குக்கு வரேல்லை பாஸ்டர். அவருக்கு நீந்தத் தெரியாது. கையைப் பிடிக்க வந்தனான்."

கரை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். முப்பத்தொரு வருசமாய்த் தெரியுமாம்.

தண்ணீருக்குள் நாலு எண்ணவில்லை. ஒன்று கூட எண்ணவில்லை. அவள் கை மட்டும்.

பிறகு அப்பம். பாண் துண்டு, விரல் நுனி அளவு. வாயில் உப்பு. இரண்டு பேரும் ஒன்றாய்.

இனிப் பூசையில் எனக்கு நன்மை தருவார்களோ தெரியாது. பாதரைக் கேட்கப் பயம். அது பிறகு.

வியாழன் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தியேட்டர்க் கதவு வரைக்கும்தான் நான் போகலாமாம். அதுக்கு அங்காலை அவள் கையை ஆர் பிடிக்கிறது?