எங்கள் கூரையில் பதினோரு பூக்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

வாசலில் மஞ்சள் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். வீட்டு உரிமையாளர் ஹேகுட், நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டை இடிக்க அனுமதி கேட்டிருக்கிறார். பக்கத்து ஹோட்டலுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். எங்கள் சார்ல்ஸ்டன் நகரத்தில் பழைய வீட்டை நினைத்தபடி இடிக்க முடியாது. மார்ச் 11இல் ஒரு குழு கூடி முடிவு சொல்லும். மனுவில் ஒரு வரி: "குறிப்பிடத்தக்கவர் எவரும் இங்கே வசித்ததில்லை."

பதினைந்து வருஷமாக நான் வசிக்கிறேன். தலைமையாசிரியர் காருக்குள் பன்னிரண்டு நண்டு விட்டவள். அவர் என்னைக் குறிப்பேட்டில் குறிப்பிட்டே இருக்கிறார்.

பிப்ரவரி 4

சாமான் கட்ட அம்மா அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தாள். நான் அவற்றை வெட்டிப் பெயர்ப்பலகை ஆக்கிவிட்டேன்.

பிப்ரவரி 7, சனி

தெரு முழுக்க மாட்டியாயிற்று. பெரிய மாளிகைகளில் இருப்பதைப் போலவே வளைந்த எழுத்து.

"இங்கே வசித்தவர் மிஸ் யூலா. மூன்று மேயர்களின் சட்டைக்குக் கஞ்சி போட்டவர். அவர்களிடம் இருந்த விறைப்பு இவர் கொடுத்ததே."

"இங்கே வசித்தவர் டீக்கன் ஐசக். ஆராதனையில் நாற்பது வருஷம் தூங்கியும் ஒரு ஆமென் தவறவிட்டதில்லை."

சுற்றுலாக் குதிரைவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, சிரிக்காமல் பயணிகளுக்குப் படித்துக் காட்டினார். எங்கள் வீட்டுக்குத்தான் எழுத ஒன்றுமில்லை. அம்மாவைக் கேட்டேன்.

"மேல பாருடி. என் தாத்தாவோட அப்பா சைரஸ். பணக்காரங்க வீட்டுக் கூரையில சுதைப்பூ வைக்கிறவரு. அங்க வைக்கிறதுக்கு முன்னாடி இங்க வச்சுப் பார்ப்பாராம். கெட்டுப்போனா நம்ம தலைமேலதானே கெடும்."

முன்னறையின் உள்கூரையில் பதினோரு பூக்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாமல், முட்டி மோதிக்கொண்டு. பிறந்ததிலிருந்து அதன் கீழேதான் தூங்குகிறேன். யார் செய்தது என்று ஒருநாளாவது கேட்டேனா?

பிப்ரவரி 14

கடற்கரை மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போனேன். பழங்காலக் குடைப்பாவாடையில் வழிகாட்டி மிஸ் கான்ஸ்டன்ஸ் கூட்டத்தை அழைத்துப் போனார். சாப்பாட்டு அறை உள்கூரையில் மக்னோலியாப் பூ — பிரான்சிலிருந்து வந்த கைவினைஞர் செய்ததாம். எங்கள் வீட்டில், என் தலையணைக்கு நேர் மேலே இருப்பதும் அதே பூ. எங்களுடையதில் ஓர் இலை மட்டும் சரிந்திருக்கும்.

கை தூக்கினேன். "அந்தப் பிரெஞ்சுக்காரர் எங்க வீட்ல ஏன் ஒத்திகை பார்த்தாரு?"

"கேள்வியெல்லாம் கடைசியிலம்மா."

கடைசியில் கேட்டேன். கதவைக் காட்டினார்.

பிப்ரவரி 15

கதவைத் திறந்தால் — மிஸ் கான்ஸ்டன்ஸ். சாதாரணப் பேன்ட்டில் ஆள் பாதியாகிவிட்டார். முன்னறையில் அண்ணாந்து பார்த்தபடி பத்து நிமிஷம் நின்றார். பிறகு, "இருபது வருஷமா அந்தப் பிரெஞ்சுக்காரனை நான்தான் சோறு போட்டு வளர்த்திருக்கேன்" என்றார். பதினொன்றையும் படமெடுத்தார். எந்தப் பூ எந்த மாளிகையில் இருக்கிறதென்று பார்த்துக் குழுவுக்கு எழுதப்போகிறார்.

மார்ச் 2

குழுவுக்கு ஹேகுட் புதுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். உள்கூரையை அறுத்தெடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பாராம். மிச்சத்தை இடிப்பாராம்.

அதுவும் ஒரு மரியாதைதானே என்றாள் அம்மா. என்ன மரியாதை? தலைய மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போய்க் கண்ணாடிப் பெட்டில வைக்கறதா? நாங்க எங்க போறது — அந்தப் பெட்டிக்குள்ளயா? கத்திவிட்டேன். அம்மா தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 11

குழுவின் முன் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். ஒரு பக்கம் நிறைய நக்கல் எழுதிக்கொண்டு போனேன். ஏழு பேர் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"அவரு வேலை செஞ்சது உங்க வீடுகள்ல. சாப்பிட்டது, தூங்கினது, தப்பு பண்ணிக் கத்துக்கிட்டது எல்லாம் இங்க. சரியா வந்த பூவெல்லாம் ஏற்கெனவே உங்ககிட்டதான் இருக்கு. தப்பா வந்ததையும் கேக்கறீங்களே."

வாக்கெடுத்தார்கள். இடிக்கக் கூடாது என்று நான்கு, இடிக்கலாம் என்று மூன்று.

மார்ச் 12

அம்மா தட்டுகளைத் திரும்ப அடுக்கினாள்.

ஏப்ரல் 18

வீடு இப்போது பாதுகாக்கப்பட்ட வீடுகளின் பட்டியலில். அதாவது, கதவுக்கு வர்ணம் பூசவும் குழு சம்மதிக்க வேண்டும். அம்மா சிவப்பு கேட்டு மனுப் போட்டிருந்தாள். தெருவின் வரலாற்றுத் தோற்றத்துக்குப் பொருந்தாதாம். கரும்பச்சைதான் என்று பதில் வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இன்று காலை எழுந்து பார்த்தால் கதவு சிவப்பு. அம்மா சமையலறையில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மத்தியானமே குழுவிலிருந்து ஆள் வந்துவிட்டார். என்னைத்தான் முதலில் பார்த்தார் — என் பெயர் அங்கே பிரசித்தம். யார் பூசியது என்று எழுத்தில் வேண்டுமாம். பழக்கதோஷத்தில் பேனாவை வாங்கப் போனேன்.

அம்மா என் கையைத் தள்ளிவிட்டு, தாளை வாங்கிக் கதவிலேயே வைத்துத் தன் பெயரை எழுதினாள். வர்ணம் இன்னும் காயவில்லை, தாளின் பின்பக்கமெல்லாம் சிவப்பு.

"வெர்டெல் ப்ரேலோ. இங்கே வசிப்பவர்."