என் பேரில் வந்த விருந்தாளிகள்

சாரம், புதுச்சேரி
22.1.2008

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பிரான்ஸ் தேசத்து லியோன் குளிரில் நீயும் சளி இருமல் அண்டாமல், மூணு வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும் என்று மணக்குள விநாயகரை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் ஞாயிறு ராத்திரியிலிருந்து நாலு தரம் போட்டும் நீ எடுக்கவில்லை. எடுத்தாலும் உன் அம்மா பேசி முடித்த பிறகு எனக்கு மிஞ்சுவது வச்சிடட்டுமா என்ற ஒரு வார்த்தைதான். அதனால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ சொல்லக் கூடாது என்றதை நான் சொல்லிவிட்டேன். கோபப்படுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ பொங்கலுக்கு வருவதாக இருந்தாய், மூணு வருஷமாகக் கம்ப்யூட்டரில் உன்னைக் கேப்டனாக வைத்துத் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிற மூணு பிள்ளைகளையும் முதல் தடவையாக வீட்டுக்கு வரவழைத்து, சனி ஞாயிறு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து விளையாடி, நீ பெண் என்பதை நேரில் நீயே சொல்வதாக இருந்தாய். லீவு இல்லை என்றதும் அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்கப்பா என்று அழுதாய். முப்பது வருஷமாக ஊர் விசேஷத்துக்கெல்லாம் பந்தலும் சேரும் வாடகைக்கு விடுகிறவன், பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்ட விருந்தாளியை வராதே என்று எப்படிச் சொல்வேன். வரட்டும் என்றேன். அப்படின்னா கேப்டன் அவசரமா வெளியூர் போயிட்டார்னு மட்டும் சொல்லுங்க, நான் பொண்ணுன்னு தெரிஞ்சா பொய் சொன்னேன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க, இந்த ஊர்ல எனக்குப் பேசிச் சிரிக்க அவங்க மூணு பேர்தான் இருக்காங்க என்றாய். நானும் சத்தியம் செய்தேன். ஆனால் என்ன பேரில் விளையாடுகிறாய் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வினை அங்கேதான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஹாலில் நம் கடை மேஜை நாலு போட்டு, தெரிந்த பிரவுசிங் சென்டரிலிருந்து மானிட்டர் மூணு வாங்கி உன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, கரண்டு போனால் இருக்கட்டும் என்று ஜெனரேட்டரையும் கொல்லையில் இறக்கிவிட்டேன். நம் கடையில் பந்தல் கட்டுகிற மண்ணாங்கட்டியிடம் வீட்டில் விசேஷம் என்று வாய் தவறிச் சொன்னதுதான் என் தப்பு, நான் குளித்துவிட்டு வருவதற்குள் கேட்டில் இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டி சீரியல் பல்பும் போட்டுவிட்டார். ஏனய்யா என்றால், வாழ மரம் இல்லாம இன்னா விசேஷம் மொதலாளி என்கிறார். அவிழ்க்கலாம் என்று போவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. மூணு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். பக்கத்து வீட்டு சொல்தா, பிரான்ஸ் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறாரே அவர்தான், மதில் வழியாக எட்டிப் பார்த்து, பொண்ணு லியோன்ல இருக்குறப்போ சீர் வரிசை யாருக்கு வருது கோவிந்தராசு என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்குள் பிள்ளைகளில் ஒருவன் கோவிந்தராசு வீடு இதானுங்களா என்றான். நான்தான் கோவிந்தராசு என்றேன்.

அம்மாடி, அந்த மூணு பேரும் முழித்த முழியை நீ பார்த்திருக்க வேண்டும். நான் லுங்கியும் துண்டுமாக நிற்கிறேன். பெங்களூரிலிருந்து வந்த அபி, மூணு பேரில் நெட்டையானவன், காலில் விழுந்துவிட்டான். ஆம்பூர் ஸைத், கேப்டன் உங்களுக்கு இவ்ளோ வயசு இருக்கும்னு நெனச்சே பாக்கல என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மூணு வருஷமாக நீ என் பேரில் சுட்டுக்கொண்டிருக்கிறாய். இனிமேல் கேப்டன் வெளியூர் போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது. ஆமாம் வாங்க தம்பி என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் வரைக்கும் நான்தான் கேப்டன்.

இட்லி சாப்பிடும்போது ஆளாளுக்கு என்னைப் புகழ ஆரம்பித்தார்கள். எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு நான் ஒரே ஆளாகப் பாலத்தைக் காத்தேனாம். தோற்றுப்போன அன்றைக்கு ஒருத்தனையும் திட்டாமல், தப்பு என்னுடையது என்று எழுதினேனாம். சேலம் ஹரிகிருஷ்ணன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும் தினம் விசாரித்தேனாம். நான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். உன்னைப் பற்றி டீச்சர்கள் கூட இவ்வளவு சொன்னதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, என் பிள்ளைடா அது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது, சத்தியம் செய்த பாவத்துக்குச் சட்டினியைத் தொட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். பிறகு என்னை விளையாட உட்கார வைத்தார்கள். மூணு நிமிஷத்தில் நாலு தரம் செத்தேன், அதில் ஒரு தரம் நானே குண்டு போட்டுக்கொண்டு செத்தேன், கூடவே அபியையும் கொன்றேன். கேப்டனுக்குக் கண்ணாடி பவர் மாத்தணும் போல என்று ஸைத் எனக்காகப் பரிந்து பேசினான்.

சாப்பாடு முடிந்ததும் ஸைத் பையிலிருந்து ஒரு தோல் பெல்ட் எடுத்தான், அவனே தைத்தது. தோல் கம்பெனியில் வேலை போய் நாலு மாசம் வீட்டில் இருந்தபோது புது வேலைக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது கேப்டன்தானாம். என் இடுப்பில் கட்டிவிட அவனே எழுந்து வந்தான், கண்ணெல்லாம் தண்ணீர். உனக்கு வர வேண்டிய நன்றியை என் இடுப்பில் கட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை பூர்ணிமா. தம்பி, நான் கோவிந்தராசுதான், ஆனா கேப்டன் நான் இல்ல, என் பொண்ணு பூர்ணிமா என்று சொல்லிவிட்டேன்.

ஸைத்தும் அபியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஹரிகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது, மூணு வருஷமா ஏமாத்தியிருக்காங்க, எங்க வீட்ல கூடச் சொல்லாததெல்லாம் ஆம்பளன்னு நெனச்சுதானே சொன்னேன் என்று எழுந்து கொல்லைக்குப் போய் ஜெனரேட்டர் மேல் உட்கார்ந்துவிட்டான். உன் அம்மாதான் மோர் டம்ளரோடு பின்னாலேயே போனாள். மொதல்ல நாலு நாள் அவ பேர்லதான் ஆடுனா, பொண்ணு பேரப் பாத்ததும் கூட ஆடுனவனுங்க இன்னான்னா எழுதினானுங்கன்னு எங்கிட்ட காட்டி அழுதா, நான்தான் உங்கப்பா பேரப் போட்டுக்கடின்னு சொன்னேன், திட்றதுன்னா என்னத் திட்டு என்றாள். ஆக, என் பேரை எடுத்துக் கொடுத்தது உன் அம்மா, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது, அதை அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். அவன் மோரை வாங்கி ஒரு வாய் குடித்தான். அப்புறம், நானும் அந்த டைம்ல பொண்ணுங்க பேரப் பாத்தா அப்படித்தாம்மா எழுதிட்டிருந்தேன் என்றான். உன் அம்மா டம்ளர் காலியாகும் வரை அங்கேயே நின்றாள்.

உள்ளே வந்தவன் உன் கம்ப்யூட்டரைக் காட்டி, கேப்டன் இதுலதான் ஆடுவாங்களா என்று கேட்டான். லியோன் போகிற வரைக்கும் இதில்தான் என்றேன். அதற்கு மேல் அந்த நாற்காலியில் என்னை உட்கார விடவில்லை, மூணு பேராகவே விளையாடித் தோற்றுக்கொண்டே இருந்தார்கள், தோற்கும்போதெல்லாம் கேப்டன் இருந்தா என்று ஆரம்பித்தார்கள். ஞாயிறு காலையில் நோணாங்குப்பம் கூட்டிக்கொண்டு போய் போட்டில் ஏற்றிவிட்டேன், சாயங்காலம் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையோடு பஸ் ஏறினார்கள். இரண்டு வாரமாகக் கேப்டன் விளையாட வரவில்லை என்று கிளம்பும்போது என்னிடம் சொன்னார்கள். பயந்துகொண்டு ஒளிந்திருக்கிறாய், எனக்குத் தெரியும். பெல்ட்டை ஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, இது கேப்டனுக்குத் தெச்சதுதான் என்று சொல்லி, மண்ணாங்கட்டியிடம் குத்தூசி வாங்கி உன் அம்மா சொன்ன அளவுக்கு மூணு ஓட்டை கூடுதலாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அடுத்த மாசம் சொல்தா லியோன் வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ இன்னும் இளைத்திருந்தால் இன்னொரு ஓட்டை போட வேண்டியிருக்கும், அதனால் சாப்பிடு.

இந்தக் கடிதம் வந்து சேர எப்படியும் பத்து நாள் ஆகும் என்று கணக்குப் பண்ணி, பிப்ரவரி பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர் சாயங்காலம் ஆறு மணிக்கு மூணு பேரையும் கம்ப்யூட்டரில் விளையாட வரச் சொல்லியிருக்கிறேன். நாள் குறித்துக் கொடுத்தது ஹரிகிருஷ்ணன்தான். மறக்காதே. காதுக்குப் பஞ்சு வைக்காமல் வெளியே போகாதே, அம்மா அனுப்பிய சுக்குப் பொடியைத் தூக்கிப் போடாதே. எல்லா நலமும் உனக்கு வந்து சேரட்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். மூணு வருஷமாக என் பேரை நான் காப்பாற்றியதை விட நீ நன்றாகக் காப்பாற்றியிருக்கிறாய் கண்ணு. போதும், அதை எனக்கே திருப்பிக் கொடுத்துவிடு. பத்தாம் தேதி உன் பேரிலேயே போ, அந்தப் பேருக்குத்தான் அவர்கள் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோவிந்தராசு
(இனிமேல் நான் ஒருவன் மட்டும்)