மூன்றாவது நோட்டீஸும் வெள்ளைப் போர்வையும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். நானும் நலம்தான், ஆனால் என் நலம் இப்போதைக்கு உன் கையில் இருக்கிறது, அதனால்தான் போனில் சொல்லாமல் காகிதத்தை எடுத்தேன். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய், காகிதத்திடம் எவ்வளவு கத்தினாலும் அது பாட்டுக்கு மீதியைச் சொல்லிக்கொண்டிருக்கும். அங்கே குளிர் குறைந்ததா? பக்கத்து அறைக்காரி இன்னும் உன் பாலை எடுத்துக் குடிக்கிறாளா? குடித்தால் பாட்டிலில் கோடு போட்டு வை.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போன வருடம் நான் கண் அயர்ந்து லாரியைத் தடுப்புச் சுவரில் உரசியபோது, இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கினாய். நானும் லாரி ஷெட்டிலேயே ஆபீஸ் வேலைக்கு மாறிவிட்டேன் என்றேன். மாறியது சத்தியமான உண்மை, பதினோரு நாள் மாறியிருந்தேன். வந்த சரக்கு போன சரக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. மூன்றாம் நாள் நாற்பது மூட்டையை நானூறு என்று அடித்துவிட்டேன், மீதி முந்நூற்று அறுபதை மூன்று பேர் ஷெட் முழுக்கத் தேடினார்கள், நானும் கூடச் சேர்ந்து தேடினேன். பதினோராம் நாள் முதலாளி வந்து, "அண்ணே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், வண்டியிலயே ஏறிடுங்க, ஆபீஸ் தாங்காது" என்று கும்பிட்டார். அன்றிலிருந்து நீ வீடியோவில் பார்க்கும் ஆபீஸ் சுவர் நம் வீட்டு வெள்ளைப் போர்வை. கேபினில் என் தலைக்குப் பின்னால் நாலு கிளிப் போட்டுக் கட்டிவிடுவேன். "ஆபீஸ் பளிச்சுன்னு இருக்குப்பா" என்று நீ சொன்ன பெருமை உன் அம்மாவைச் சேரும், வாராவாரம் துவைத்துக் கொடுப்பவள் அவள்தான். இந்த வரியை எழுத வேண்டாம் என்றாள். எழுதிவிட்டேன், திட்டு வாங்குவதில் எனக்கும் ஒரு துணை வேண்டாமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பதினான்காம் தேதி மாலை 4.35 மணிக்கு, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் கேமராவை என் லாரி எண்பத்து மூன்று கிலோமீட்டர் வேகத்தில் கடந்ததாக வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அங்கே அறுபதுதான் அனுமதி. இந்த வருடத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டும் என் தப்பு, வாயைத் திறக்காமல் கட்டிவிட்டேன். மூன்று சேர்ந்தால் ஆறு மாதம் லைசென்ஸ் போக்குவரத்து ஆபீஸ் அலமாரியில் தூங்கும். ஆறு மாதம்தானே என்று நினைக்காதே. எங்கள் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த குட்டை டிரைவர் ஒருவன் இப்போதே என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறான். நேற்று நான் கை கழுவப் போன நேரத்தில் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்திருக்கிறான், திரும்பி வந்து ஏறியபோது என் முழங்கால் இரண்டும் தாடையில் இடித்தன. ஐம்பத்து நாலு வயதில் இறக்கிவிட்ட டிரைவரை எவன் மறுபடி ஏற்றுவான்? ஆபீஸிலும் எனக்கு இடமில்லை, காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஷெட்டில் 'அப்பீல்' என்று ஒரு டிரைவர் உண்டு. பெற்றவர்கள் வைத்த பேர் அவனுக்கே மறந்துபோயிருக்கும். இதுவரை ஒன்பது நோட்டீஸ் வாங்கி, ஒன்பதையும் எதிர்த்து, நாலில் ஜெயித்தவன். மீதி ஐந்தைப் பற்றிக் கேட்டால் இருமல் வந்துவிடும். அவனிடம் போனேன். "யோவ், பணத்தைக் கட்டித் தொலைச்சிடாத. கட்டினா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். கிழிச்சும் போட்டுடாத, முப்பது நாள்ல பதில் போகலன்னாலும் ஒத்துக்கிட்ட மாதிரிதான். முதல்ல நோட்டீஸைப் படி, பயப்படுறத அப்புறம் வச்சுக்க" என்றான். வண்டி எண், இடம், நேரம், எந்தத் திசையில் போனது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னான். கேமரா எடுத்த படத்தையும், அந்தக் கேமராவைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்ற காகிதத்தையும் எழுதிக் கேட்கச் சொன்னான். "வழியில போலீஸ் மடக்கினா மட்டும் வாயைக் கட்டு, நீ அங்க பேசுறதெல்லாம் அவங்க எழுதிக்குவாங்க" என்றும் சொன்னான். வண்டியில் வேகத்தைப் பதியும் பெட்டி இருக்கிறதா என்று கேட்டான். பெட்டி இருக்கிறது, உயிர்தான் போய் ஒரு வருடமாகிறது என்றேன். என் தோளைத் தட்டிவிட்டு டீக்குப் போய்விட்டான்.

மறுநாள் போக்குவரத்து ஆபீஸுக்குப் போனேன். சுவரோடு சேர்த்து ஆணி அடித்த பெஞ்சு, ஒரே ஒரு ஜன்னல், அதையும் திறக்க முடியாதபடி பீரோவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரம் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்தேன், எழுந்தால் இடம் போய்விடும், எழாவிட்டால் கால் போய்விடும். கவுண்டர் அம்மா ஒரு பாரத்தை நீட்டி, "ஒத்துக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா, ஒன்னுல டிக் போடுங்க" என்றார். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். "நடுவுல கோடுதான் சார் இருக்கு" என்றார். எதிர்க்கிறேன் என்பதில் டிக் போட்டேன். அவசரத்தில் டிக் இரண்டு கட்டத்தையும் தொட்டுவிட்டது, வேறு பாரம் வாங்கி மறுபடி போட்டேன். கேமராவைச் சோதித்த காகிதத்தைக் காட்டினார்கள், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பாழாய்ப்போனது. ஆனால் படத்தில் தார்ப்பாய் கட்டிய கயிறு ஒன்று நழுவி வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தின் மேல் விழுந்திருக்கிறது. எட்டு என்றால் எட்டு, மூன்று என்றால் மூன்று. என்னுடையது எட்டு. அந்த நேரத்தில் என் வண்டி வேறு இடத்தில் நின்றது என்று காட்ட ஏதாவது சாட்சி இருந்தால் பதிலோடு இணைக்கச் சொன்னார் அந்த அம்மா.

சாட்சி இருக்கிறது கண்ணு. சாட்சி நீதான். அன்றைக்கு 4.10 முதல் 4.50 வரை நான் பாலத்துக்கு எட்டு கிலோமீட்டர் இந்தப் பக்கம், லாரி நிறுத்துமிடத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைக்காரியின் பால் கதையை நீ சொன்னது அன்றைக்குத்தான். என் போனிலேயே அந்தக் கணக்கு இருந்திருக்கும், ஆனால் போன வாரம் அது துணி ஊற வைத்த வாளியில் விழுந்து உயிரை விட்டது. ஊறியது என்ன துணி என்று கேட்காதே, அதே போர்வைதான். ஆக என்னைக் காப்பாற்றும் ஒரே காகிதம் உன் போனுக்குள் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமானால் நான் ஆபீஸில் இல்லை என்று உன்னிடம் சொல்ல வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி, எனக்கு உன் அம்மா மூன்றாவது பக்கம். "பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க, இல்லன்னா போர்வையை நீங்களே துவைங்க" என்றாள். நாலு ராத்திரி யோசித்தேன். பொய் தெரிந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பது, தெரியாவிட்டால் ஆறு மாதம் வீட்டுச் சுவரை எப்படிப் பார்ப்பது? உன் கோபம் பழக்கப்பட்ட சாலை, அதன் மேடு பள்ளமெல்லாம் எனக்குத் தெரியும் என்று தைரியம் செய்துகொண்டு எழுதிவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். போனில் அந்த அழைப்பு பதிவாகியிருக்கும் பக்கத்தைப் படம் பிடித்து அம்மாவின் போனுக்கு அனுப்பு. அது உன் ஊர் நேரத்தைக் காட்டும், அதனால் பக்கத்திலேயே எங்கள் ஊர் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடு. இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதிக்குள் நான் பதிலைக் கொடுத்தாக வேண்டும், மறந்துவிடாதே. திட்டுவதை இருபத்து நான்காம் தேதிக்கு வைத்துக்கொள், அன்றைக்கு எனக்கு லோடு இல்லை, முழு நாளும் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுளில் மிச்சமிருப்பதையும் சேர்த்து நீ வாழ வேண்டும்.

என்றும் உன் மேல் பாசமுள்ள,
அப்பா

பின்குறிப்பு: அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தபோது "இளைச்சிட்டீங்கப்பா" என்று சொல்லி என்னை ஒரு படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாய் அல்லவா, அதைப் பதிவோடு சேர்த்து அனுப்பிவிடாதே. நேற்று அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதில், ஓரம் கட்டிய வண்டியில், நான் சீட் பெல்ட் போட்டிருக்கிறேன்.